முடியாத பத்தொன்பதாம் தேதி

பவளக்கொடியின் விசா முடிய வேண்டிய செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி முடியவில்லை. மலேசியாவில், துறைமுகத்தை ஒட்டியிருந்த மெராந்தி அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், படியேறியதும் நான்காவதாக வரும் அவளுடைய வீட்டில், மேற்கு ஜன்னல் வழியாக வந்து எதிர்ச்சுவரில் விழுந்த வெயில் நான்கு நாற்பதுக்கு எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிட்டது, கடிகார முள்ளும் அதனுடன் நின்றுவிட்டது, மேசைமேல் ஆற வைத்திருந்த பால் ஆறவுமில்லை, ஏடு கட்டவுமில்லை.

அன்று காலை அவள் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து, அந்த நாட்டுக்காரனான சத்தியசீலனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நான்கு வருடத்தில் வருடம் ஒருமுறை அங்கே போயிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அவன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு வருடம் நீண்டிருக்கிறது. இந்த முறை அவன் இல்லை. ஜூலை மாதத்து மழையில் துறைமுக வாசலில் ஒரு லாரி அவனுடைய மோட்டார் சைக்கிளில் மோதியது; அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். கவுண்டரில் இருந்த பெண் கணவர் எங்கே என்று கேட்டாள், பவளக்கொடி இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தாள், அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அப்படியானால் இந்த நாட்டுக்காரர் வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும், அவர்களுடைய கடிதம் வேண்டும், மேலே அனுப்பிக் கேட்க வேண்டும், உங்களுக்கு இன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவோம் என்றாள்.

ஈப்போவில் இருந்த கொழுந்தன் குணாளனுக்குப் போன் செய்தாள். "பார்க்கலாம் அண்ணி" என்றவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஊருக்குப் போய்விடலாமென்றால், இடையில் ஒருமுறை ரத்தம் பட்டதால் பிரசவம் ஆகும்வரை விமானம் ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணி ஆவதைப் பார்த்தாள், நான்கு ஆவதைப் பார்த்தாள், நான்கு நாற்பதுக்கு முள் நின்றதும் பேட்டரி போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இருபது நிமிடத்தை மனசுக்குள்ளேயே எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடித்து மறுபடி எண்ணினாள். வெயில் நகரவில்லை.

எத்தனையாவது முறை எண்ணும்போது என்று அவளுக்குத் தெரியாது, கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ரத்னமாலா அக்கா நின்றிருந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள், அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் 'லா' போடுபவள், சாவு விழுந்த வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவள்.

"பசியாறியாச்சா பவளம்?"

"இப்பத்தான் சாயங்காலமே ஆகுதுக்கா. ஆபீஸ் மூட இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

"என்னா இருபது நிமிசம்? காலையில மணி ஏழு. இன்னிக்குச் சனிக்கிழமை லா."

ரத்னமாலா உள்ளே காலெடுத்து வைத்தாள். அவள் முகத்தில் சாயங்கால வெயில் அடித்தது. கையிலிருந்த போனைப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை நான்கு நாற்பது என்றது. பின்வாங்கி நடைபாதைக்குப் போனாள், அங்கே சனிக்கிழமை ஏழு பத்து, தூறல். மறுபடி உள்ளே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள், வெயில் பட்ட இடம் சுட்டது.

"என் வீட்டுப் பக்கம் வெயிலே வர்றதில்ல" என்றாள் கடைசியில். "நாலு நாளா துணி காயாம கெடக்கு. எடுத்துட்டு வரவா?"

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் பத்தொன்பதாம் தேதி நிற்பது மாடிக்குத் தெரிந்தது, மாடியிலிருந்து படிக்கட்டுக்கும் படிக்கட்டிலிருந்து கீழே சந்தைக்கும் தெரிந்தது. கோயில் வாசலில் பூ விற்பவள் விற்காமல் மிஞ்சிய மல்லிகைச் சரங்களைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள், அவை நான்கு நாள் கழித்தும் அப்போது கட்டியவை போல இருந்தன. மீன்காரர் ஐஸ் கிடைக்காத நாளில் ஒரு கூடை மீனை ஓரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கூச்சத்தோடு கேட்டார், ரத்னமாலா வாசம் வரும் என்று முதலில் மறுத்து, பிறகு வாசம் வருவதற்கும் நேரம் ஆக வேண்டுமே என்று யோசித்து ஒத்துக்கொண்டாள். மாவு மட்டும் அங்கே புளிக்கவில்லை என்று பெண்கள் குறைப்பட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் அங்கே எவ்வளவு படித்தாலும் பொழுது சாயவில்லை.

பவளக்கொடிக்குப் பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை, நகம் வளரவில்லை. சத்தியசீலன் செத்து இரண்டு மாதமான துக்கம் இரண்டு மாதமான துக்கமாகவே இருந்தது, ஒரு நாள்கூடப் பழையதாகவில்லை. அவளுடைய போன் அடிக்கவே இல்லை, ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை நான்கு நாற்பதுக்கு யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. வயிற்றுக்குள் குழந்தை மட்டும் அவ்வப்போது உதைத்தது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்ற பதைப்பு, ஓடினால் பிடித்துவிடலாமோ என்ற அந்தப் பதைப்பு, அவளைவிட்டு ஒரு கணமும் போகவில்லை.

ஒருமுறை அவள் நடைபாதையில் விழுந்த ஒரு துண்டை எடுக்க வலது காலை வாசலுக்கு வெளியே வைத்தாள். உடனே உள்ளே கடிகாரம் டக்கென்று ஒரு சத்தம் போட்டது, சுவரில் வெயில் ஒரு முழம் மேலே தாவியது, ஆணியில் தொங்கிய மல்லிகையின் ஓரம் கருகியது. ரத்னமாலா அவளைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கால் உள்ளே வந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின, பூ மட்டும் கருகியது கருகியதுதான். அந்த நாள் வீட்டில் இல்லை, அவளிடம்தான் இருக்கிறது என்பதை அன்றைக்கு எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவளை வாசல் பக்கம் போக யாரும் விடவில்லை.

முதலில் வந்தவள் சூமி, மாடிப்படி கூட்டுகிற இந்தோனேசியக்காரி. அவளுடைய விசா செப்டம்பர் இருபத்தேழில் முடிந்திருந்தது, முதலாளி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். பவளக்கொடியின் வீட்டுக்குள் அவளுக்கு இன்னும் எட்டு நாள் பாக்கி இருந்தது. அவள் ஒரு பையோடு வந்து சமையலறை ஓரத்தில் உட்கார்ந்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் அக்டோபரில் விசா முடிந்தவர்கள் வந்தார்கள், நவம்பரில் முடிந்தவர்கள் வந்தார்கள். மரக்கடையில் வேலை செய்த வங்காளதேசத்து அண்ணன் தம்பி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து முடிவெட்டும் தவசி, துணிக்கடைப் பெண்கள் மூன்று பேர் என்று இருபத்துமூன்று பேர் ஆனார்கள். பகலில் ஒளிந்து வேலைக்குப் போய்விட்டு வந்து, வாசலைத் தாண்டியதும் மூச்சை விட்டு, சட்டப்படி உட்கார்ந்தார்கள்.

அடைக்கலம் என்பவருக்கு மட்டும் அந்த வீடு உதவவில்லை. கீழே சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர், தேவிபட்டினத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவருடைய விசா செப்டம்பர் பதினெட்டில் முடிந்துவிட்டது. உள்ளே வந்து நின்று பார்த்தார், உள்ளேயும் அவருக்கு முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

"ஒரே ஒரு நாளு தங்கச்சி" என்று சிரித்தார். "பரவால்ல. நான் வெளியவே இருக்கேன். வெளிய இருந்தா ஓடவாவது செய்யலாம்."

அவர் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்று, வேலை இல்லாத நேரமெல்லாம் கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிநுழைவு அதிகாரிகளின் வெள்ளை வேன் வந்தால் கதவை மூன்று தட்டுத் தட்டுவார், பிறகு கூரைக்கு ஏறிவிடுவார். உள்ளே இருந்தவர்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, இருந்தாலும் அந்த மூன்று தட்டுக் கேட்டால் இருபத்துமூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

நவம்பர் கடைசியில் வேன் உண்மையாகவே நின்றது. இரண்டு அதிகாரிகள் மேலே வந்தார்கள். பெரியவர் கிருபாகரன், தமிழர், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாஸ்போர்ட்டுகளை வரிசையாக வாங்கிப் பார்த்தார், கையிலிருந்த கருவியில் தேதியைப் பார்த்தார். கூட வந்த இளையவர் வாசலைத் தாண்டி வெளியே போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார், கடலில் காலை நனைத்துப் பார்க்கிறவரைப்போல.

"எல்லாருக்கும் விசா இருக்கு" என்றார் கிருபாகரன். அப்படியே எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது பவளக்கொடியின் வயிற்றைப் பார்த்தார். "அம்மா, இந்தக் கதவுக்கு உள்ள உங்களை என்னால பிடிக்க முடியாது. கதவுக்கு வெளிய உங்களை என்னால காப்பாத்த முடியாது. வெளிய வந்தா நேரா ஆபீசுக்கு வாங்க, ஒளியாதீங்க. பிடிபட்டு வர்றதும் தானா வர்றதும் ஒண்ணு இல்ல."

அவர்கள் போனதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். தவசி எல்லோருக்கும் இலவசமாக முடிவெட்டினான். வெட்டிய முடி அங்கே திரும்ப வளராது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பவளக்கொடி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் ஏன் வயிற்றைப் பார்த்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரத்னமாலா முதல் மாடியில் குடியிருந்த நர்ஸ் அமலோற்பவத்தை அழைத்து வந்தாள். அந்த அம்மா பவளக்கொடியைப் படுக்க வைத்து, வயிற்றில் நாடாவை வைத்து அளந்தாள், குழாயை வைத்துக் கேட்டாள், செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் எழுதிய அட்டையை எடுத்துப் பார்த்தாள், மறுபடி அளந்தாள்.

"கொழந்தைக்கு என்ன சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகல."

"அப்பாடா."

"அப்பாடா இல்ல பவளம். ஒண்ணுமே ஆகல. அன்னிக்கு எந்த அளவோ அதே அளவு. வெளிய நவம்பர் முடியப்போகுது. ஏழு மாசம் ஏழு மாசமாவே நிக்குது. நீ இப்படியே உக்காந்திருந்தா எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும், இது வெளிய வராது."

அவர்கள் பேசியதை ஹாலில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர்கள் பவளக்கொடியிடம் இன்னும் அன்பாக இருந்தார்கள், கேட்காமலே கால் பிடித்துவிட்டார்கள், ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள், கதவுக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் யாராவது இரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அன்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. சூமி அவளுடைய வயிற்றைத் தடவி, உள்ளே இருப்பதுதான் குழந்தைக்குப் பத்திரம் என்று மலாயில் சொன்னாள். அவள் சொல்வது பொய் இல்லை என்பதுதான் பவளக்கொடிக்குப் பயமாக இருந்தது.

கதவு வழியாக அவள் அடைக்கலத்திடம் கேட்டாள். "அண்ணே, நான் என்ன செய்யட்டும்?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ள இருக்கவுக யாரும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது ஆத்தா. எனக்கு இந்த வீட்டால ஒரு லாபமும் இல்ல, அதனால நான் சொல்லலாம். எம் மக பொறந்தப்ப நான் இங்க இருந்தேன். அவளுக்கு இப்ப பத்தொன்பது வயசு, மூணு தடவதான் பாத்திருக்கேன். பிள்ளை பொறக்கட்டும். பொறந்த பிள்ளைய எப்படியாச்சும் வளத்துரலாம், பொறக்காத பிள்ளைய என்ன செய்வே?"

அவள் ஹாலுக்கு வந்து சொன்னாள். இன்னும் பத்து நாளில் வெளியே போகப் போகிறேன், அதற்குள் எல்லோரும் அவரவருக்கு ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக அவளுடைய நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்கள், யாரும் சொல்லாமலே அது ஒரு வரிசையாகிவிட்டது.

"எனக்குத் தூதரகத்துலேருந்து பேப்பர் வரணும்க்கா" என்றான் தவசி. "ஒரு மாசம் நீட்டிக் குடுங்க. ஒரே ஒரு மாசம்."

"பேப்பர் வரும்னு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் பவளக்கொடி.

கேட்ட பிறகுதான் அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது. தாழ்த்திய குரல், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளின் குரல். தவசி தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. பத்து நாளைப் பதினான்காக நீட்டினாள். பதினான்காம் நாள் மறுபடி வரிசை நின்றது, அவள் அவர்கள் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக்கொண்டு முடியாது என்றாள்.

சிலர் ஊருக்குப் போக மனுக் கொடுத்தார்கள். துணிக்கடைப் பெண்கள் மூவரும் சேர்ந்து குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னார்கள், இரண்டு பேருக்குக் கெடு கிடைத்தது, ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் இருந்த பக்கம் போனார்கள், பிறகு அவர்களைப்பற்றித் தகவல் இல்லை. சூமி போகும்போது வீட்டைச் சுத்தமாகக் கூட்டித் துடைத்துவிட்டுப் போனாள், பவளக்கொடியின் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

டிசம்பர் பதினான்காம் தேதி காலை, விசா முடிந்து எண்பத்தாறாவது நாள், பவளக்கொடி பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

பின்னால் வெயில் அணைந்தது. கடிகாரம் கிறுகிறுவென்று சுற்றும் சத்தம் கேட்டது, ஆணியில் மிச்சமிருந்த பூக்கள் உதிர்ந்தன, போன் துடிக்க ஆரம்பித்து அம்மா கூப்பிட்ட நூற்றுப் பத்து அழைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டியது. ரத்னமாலா ஒரு கையைப் பிடித்தாள், அடைக்கலம் இன்னொரு கையைப் பிடித்தார். மூன்றாம் மாடிப் படியில் ஏழு மாத வயிற்றோடு கால் வைத்தவள் இரண்டாம் மாடிக்கு வந்தபோது எட்டு மாதம், புடவை முடிச்சு தானாக அவிழ்ந்தது. முதல் மாடிக்கு வந்தபோது ஒன்பது, மூச்சு வாங்கியது, எண்பத்தாறு நாள் பசியும் எண்பத்தாறு நாள் தூக்கமும் ஒரே சமயத்தில் வந்து கண்ணை இருட்டியது. சத்தியசீலன் செத்த துக்கமும் அந்தப் படிகளில் மூன்று மாதம் பழையதானது, அது குறைவதை உணர்ந்து அவள் அதற்காகவும் அழுதாள். தரைக்கு வந்தபோது பனிக்குடம் உடைந்தது.

டாக்ஸியில் அடைக்கலமும் ஏறினார்.

"நீங்க வராதீங்கண்ணே, வழியில செக் பண்ணுவாங்க."

"பேசாம வா ஆத்தா."

ஆஸ்பத்திரி வாசலில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது, நீங்கள் யார் என்று கேட்டார்கள். அண்ணன் என்றார். பதிவு மேசையில் பவளக்கொடி பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். அங்கிருந்தவர் விசாப் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வலி வந்து அவள் மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தார், எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு பிரசவ அறைக்கு வழி காட்டினார். பெண் குழந்தை. மதியம் ஒன்று இருபதுக்குப் பிறந்தது, நேரத்தை ரத்னமாலா மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

திரும்பும் வழியில் சாலையில் பேருந்தை நிறுத்திச் சோதித்தார்கள். அடைக்கலம் ஓடவில்லை. பிப்ரவரியில் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். தேவிபட்டினத்திலிருந்து போன் செய்தபோது, "எம் மக என்னைவிட உசரமா இருக்கா ஆத்தா, அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு" என்றார்.

பதினைந்து நாள் குழந்தையோடு பவளக்கொடி குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனாள். ரத்னமாலா தன் அடையாள அட்டையை எடுத்து வைத்து, பொறுப்பு நான் என்று எழுதிக் கொடுத்தாள். அதை எழுத அவள் நான்கு நாள் யோசித்திருந்தாள், யோசித்ததை மறைக்கவும் இல்லை. குழந்தையின் தகப்பன் அந்த நாட்டுக்காரன் என்பதால் குழந்தையின் தாளில் ஒரு சிக்கலும் இல்லை. மகள் அந்த நாட்டுக்காரி, அம்மா விசா முடிந்தவள். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கவுண்டர் பெண் கேட்டாள். "வீட்டிலதான்" என்றாள் பவளக்கொடி. முப்பது நாள் முத்திரை விழுந்தது.

அந்த முப்பது நாளில் குழந்தை முகம் பார்க்கக் கற்றுக்கொண்டது. அடுத்த முப்பதில் குரல் வந்த பக்கம் திரும்பியது. அடுத்ததில் சிரித்தது, அதற்கடுத்ததில் குப்புற விழுந்து அழுதது. ஒவ்வொரு முறையும் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே பவளக்கொடிக்குச் சோறு இறங்காது, பையில் தாள்கள் இருக்கின்றனவா என்று ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பாள். குழந்தை அதைப்பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்தது.

ஏழாவது தடவை மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது. கவுண்டர் பெண் நீண்ட நேரம் திரையைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள், திரும்பி வந்தாள், முத்திரையை எடுத்தாள். ஒரு வருடம் என்றாள். பவளக்கொடி பாஸ்போர்ட்டை வாங்கக் கையை நீட்டினாள். இடுப்பில் இருந்த குழந்தை, எதிரே நீட்டியிருந்த அவளுடைய விரலைப் பிடித்து வாயில் வைத்து நறுக்கென்று கடித்தது.

"ஆ!" என்றாள். விரலை எடுத்துப் பார்த்தாள், குழந்தையின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"பல்லு" என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம், எந்த மொழியில் சொல்கிறோம் என்றுகூட யோசிக்காமல். "பல்லு முளைச்சிருக்கு."

கவுண்டர் பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.